பழைய எண்ணைத் தூக்கிப் போடாதீங்க

எக்ஸெல், டேலி கணக்கையெல்லாம் கிளவுடுக்கு ஏத்தி, பவர் பிஐ-ல கலர் கலரா ரிப்போர்ட் காட்டிட்டா வேலை முடிஞ்சதுன்னு நம்ம பொட்டி தட்டுற கூட்டம் நினைக்குது. இல்லீங்க.

எங்க திருவண்ணாமலைப் பக்கம் நிலம் வாங்குறவங்களைக் கேளுங்க, 'யுடிஆர் தப்பு'ன்னா என்னன்னு சொல்வாங்க. 1979-87ல் தமிழக நில ஆவணங்களைப் புதுப்பித்த திட்டம் அது. பல இடங்களில் உட்பிரிவு எண் மாறியது. ஏக்கர் ஹெக்டேர் ஆனது. அப்போ நுழைஞ்ச தப்பான பேரும் பரப்பும் பின்னாடி கம்ப்யூட்டர் பட்டாவுக்கும் அப்படியே குடியேறிடுச்சு. திருத்தக் கோரி இன்னிக்கும் மனு போகுது. அதுக்கு ஆதாரம்? பழைய 'அ' பதிவேடும் பத்திரமும்தான்!

அதனால, புது டேபிள்ல பழைய எண்ணுக்கும் ஒரு காலம் வையுங்க. ரெண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஒத்துப்போற வரைக்கும் பழசை மூடாதீங்க. திரை புதுசானா தப்பு தானா திருந்திடாது. இன்னும் நம்பும்படியா தெரியும், அவ்வளவுதான்.