பரிசு மட்டும் போதுமா?

மாணாக்கரின் நூதன யோசனைகளைச் சோதிக்கும் ‘ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்’ போட்டியை இந்திய சர்க்கார் 2017 முதல் நடத்தி வருவதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் பரிசளிப்பு வைபவத்தோடு காரியம் முடிந்துவிடலாகாது. தூத்துக்குடியின் சரித்திரம் புகட்டும் பாடம் இதுவே.

1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. வெள்ளையர் கம்பெனி போட்டிக்குக் கட்டணத்தைக் குறைத்தது. 1908-ல் அவர் சிறை புகுந்தார். 1911-ல் கம்பெனி கலைந்தது. அன்று குறைவாயிருந்தது யோசனையன்று, ஆதரவே.

2011 முதல் அவர் பெயரைத் தாங்கும் துறைமுகம், மாணாக்கர் செய்த கருவிகளைத் தன் தளங்களிலேயே பரீக்ஷிக்க இடமளித்து, தேறியவற்றை விலை கொடுத்து வாங்க முன்வர வேண்டும். முதல் கிராக்கி கிடைத்தால்தான் கண்டுபிடிப்பு தொழிலாகும். வெறும் பெயர் சூட்டல் அப்பெரியாருக்குச் செய்யும் மரியாதையாகாது.