மலைச்சரிவில் ஒரு நந்தவனம்

கடல்மட்டத்திற்குச் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில், ஒண்டிக்கடையைச் சுற்றியுள்ள பல வீடுகளுக்குச் சரிவே தோட்டம். ஐப்பசி அடைமழையில் மேல்மண் கரைந்து பள்ளத்தில் சேர்ந்துவிட்டால், அது மீண்டும் மேலேறி வாராது. ஆகவே பூஜை மலருக்குச் செடி வைப்போர் புரட்டாசியிலேயே பணி தொடங்குதல் நன்று. மார்கழிக் குளிருக்கு முன் வேரும் ஊன்றிவிடும்.

முதற்பணி நடுவதன்று; நீரின் வேகத்தைத் தணிப்பது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டமாகக் கற்களை அடுக்கிப் படிப்படியாகப் பாத்தி அமைத்தல் வேண்டும். கல்லிடுக்கை சிமெண்டால் அடைக்கலாகாது. தேங்கிய நீர் சுவரையே தள்ளிவிடும். ஓரத்தில் வெட்டிவேர் நட்டால், அதன் வேர் ஆழ இறங்கி மண்ணைப் பற்றும். தொலைவான படியில் செம்பருத்தி, நந்தியாவட்டை. முதியோர் கைக்கெட்டும்படி வீட்டையொட்டித் துளசி, செவ்வந்தி, மரிக்கொழுந்து. வேரடியில் சருகு பரப்புதல் அவசியம்.

திருமலையில் மலர்க் கைங்கரியம் செய்ய இராமானுஜர் அனுப்பிய அனந்தாழ்வான், நந்தவனத்திற்காக ஏரியும் வெட்டினார் என்பது வைணவ மரபு. கருவுற்றிருந்த அவர் மனைவியும் மண் சுமந்தாராம். மாலை தொடுப்பது மட்டுமன்று, அம்மலருக்காக மண்ணையும் நீரையும் காப்பதும் இறைவனுக்குச் செய்யும் தொண்டே.