குளோரின் எதிரியல்ல

குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடித்தால் முகம் சுளிக்காதவர் யார்? "குளோரின் கலந்த தண்ணீரைக் குடித்தால் புற்றுநோய் வருமாம்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அடுத்த நாளே வீட்டுக்குக் கேன் தண்ணீர் வந்துவிடும். இந்தப் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதுதான் ஆபத்து.

முதல் பாதி இதுதான். ஹாலந்தின் ராட்டர்டாம் நகரக் குடிநீர் நிலையத்தில் பணியாற்றிய வேதியியலாளர் யோஹானஸ் ரூக், ஆற்று நீரில் குளோரின் சேர்க்கும்போது குளோரோஃபார்ம் உருவாகிறது என்பதை 1974-ல் வெளியிட்டார். அழுகிய இலை தழைகளிலிருந்து நீரில் கரையும் கரிமப் பொருள்களோடு குளோரின் வினைபுரிவதால் இது உண்டாகிறது. இந்த வகைச் சேர்மங்களுக்கு டிரைஹாலோமீத்தேன்கள் என்று பெயர். இவை அதிகமுள்ள நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்கா 1979-ல் இவற்றுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. 1998-ல் அதை 80 ஆகக் குறைத்தது. இந்தியாவின் 2012-ம் ஆண்டுத் தர நிர்ணயம் குளோரோஃபார்முக்கு மட்டும் 200 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது.

இனி மீதிப் பாதி. புற்றுநோய்க்கு ஆண்டுகள் வேண்டும். வாந்திபேதிக்கு ஒரு நாள் போதும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி பெருக்கெடுத்து, ஸ்ரீவைகுண்டம் வட்டாரமே வெள்ளக்காடானது. அப்படிச் சாக்கடையும் குடிநீரும் ஒன்றாகும் நாளில் மக்களைக் காப்பாற்றுவது அந்த மருந்து வாடைதான். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று தர நிர்ணயம் சொல்வதும் அதனால்தான்.

அப்படியானால் குற்றவாளி யார்? கலங்கல் தண்ணீரில் அப்படியே குளோரினைக் கொட்டும் அவசரம்தான். நாசரேத் போன்ற ஊர்கள் ஆற்றின் கடைசிப் பகுதியில் இருக்கின்றன. பாபநாசத்தில் தெளிவாக இறங்கும் நீர், திருநெல்வேலியின் கழிவுகளையும் சுமந்துகொண்டுதான் இங்கே வருகிறது. கடலை ஒட்டிய பகுதிகளில் உப்பு ஏறிய நிலத்தடி நீரில் புரோமைடும் இருக்கும். அது குளோரினோடு சேர்ந்தால் இன்னும் கடுமையான சேர்மங்கள் உருவாகும்.

தீர்வு புதிதல்ல. கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைத்துக் குடித்தவர்கள் நம் பாட்டிமார்கள். முதலில் தெளிவு, பிறகு மருந்து. படிகாரமும் மணல் வடிகட்டியும் கரிமப் பொருள்களை முன்கூட்டியே குறைத்துவிட்டால், குளோரினும் குறைவாகப் போதும், நச்சும் குறைவாகவே உண்டாகும்.

இன்னொன்றும் வேண்டும். டிரைஹாலோமீத்தேன் அளவைத் தவறாமல் சோதித்து, வரி ரசீது கொடுக்கும் பேரூராட்சி அலுவலகப் பலகையிலேயே எழுதிப் போட வேண்டும். எண் தெரிந்தால் வதந்திக்கு வேலையில்லை. அதுவரை குளோரினை நிறுத்தச் சொல்லிக் கேட்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் கதைதான்.