செஸ் பணத்துக்குக் கடிவாளம் தேவை

தமிழகத்தின் கான்சாபுரத்தில் வீட்டு வரி கட்டுபவர், வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்து பைசா நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறார். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி அந்தப் பணம் நூலகங்களுக்கு உரியது. எதற்கு வாங்கினோமோ அதற்கே செலவு என்ற இந்த எளிய நெறி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக மத்திய அரசு வசூலிக்கும் செஸ் வரியில் கறாராகப் பின்பற்றப்படவில்லை.

2000இல் நிறைவேறிய 80ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மத்திய வரிகளில் பெரும்பாலானவற்றை மாநிலங்களுடன் பகிர வழிசெய்தது. ஆனால், செஸ், கூடுதல் வரி இரண்டையும் பகிர்வுக்கு வெளியே நிறுத்தியது. 2018-19இல் 35 வகை செஸ் மூலம் திரண்ட சுமார் ரூ.2.74 லட்சம் கோடியில், உரிய நிதியங்களுக்குப் போனது ரூ.1.64 லட்சம் கோடிதான் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. மீதி, மத்திய அரசின் தொகுப்பு நிதியிலேயே தங்கிவிட்டது.

இத்தகைய நிதியை அரசியல் சட்டத்தின் மூலமே உறுதிசெய்ய முடியும். அமெரிக்காவின் கலிபோர்னியா 1988இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, தன் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தி, பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நிதியை உறுதிசெய்தது. நம் மாநிலங்களுக்குத் தனி அரசியல் சட்டம் இல்லை. நாடாளுமன்றம்தான் வழிவிட வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 270ஆவது பிரிவில் இரண்டு விதிகள் சேரட்டும். செஸ், கூடுதல் வரிக்கு உச்சவரம்பு வேண்டும். உரிய நிதியத்துக்கு அந்த ஆண்டே மாற்றப்படாத செஸ் தொகை மாநிலங்களுக்குப் பகிரப்பட வேண்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சி வேறுபாடின்றி இதை வலியுறுத்த வேண்டும்.