கொலைகாரன் யாரு தாத்தா?

ராத்திரி பதினொரு மணிக்கு நண்பன்கிட்டேயிருந்து போன். "டேய், தாத்தா வீட்டுல தொடர் கொலை நடக்குது. நீ கெமிஸ்ட்ரிதானே படிச்சே, வந்து பாரு!"

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சந்து. பழைய வீடு. கொல்லைப்புறத்தில் கிணறு, ஒரு தென்னை, நடுவில் தாத்தா ஆசையாகக் கட்டின சிமென்ட் தொட்டி. ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டரை அடி ஆழம். கட்டி மூணு மாசம்தான் ஆகுது. கொளத்தூரில் வாங்கின ஒன்பது கோய் மீன்களை அதில் விட்டிருந்தார். கோய்னா வேற ஒண்ணுமில்லை, நம்ம ஊர் சாதாக் கெண்டையோட ஜப்பான்காரச் சொந்தம். வயலுக்குத் தண்ணி விடுகிற குட்டைகளில் வளர்த்த கெண்டையில் கலர் மீன்களாகப் பார்த்துப் பொறுக்கி உருவாக்கினாங்க. 1914-ல் டோக்கியோ கண்காட்சியில் வெச்சப்புறம்தான் ஜப்பான் முழுக்கப் பேர் பரவியது.

நான் போனப்ப தொட்டியில் மூணுதான் பாக்கி.

தாத்தாவிடம் ஒரு குற்றவாளி ரெடியாக இருந்தான். பக்கத்து வீட்டுப் பையன். பி.காம். ரெண்டாவது வருஷம், கிட்டத்தட்ட உங்க வயசு. போன மாசம் அவன் உதைச்ச ஃபுட்பால் தொட்டியில் விழுந்து, தாத்தா கத்தி, அவன் ஏதோ முணுமுணுத்துட்டுப் போயிருக்கான். அவ்வளவுதான் ஆதாரம். அதை வெச்சுக்கிட்டு அவங்க வீட்டு வாசலில் போய் நின்னு, "தொட்டியில என்னத்தைடா கலந்தே?"ன்னு தெருவே கேட்கிற மாதிரி கேட்டிருக்கார். பாட்டி கட்சி வேற, கண் திருஷ்டி. தொட்டி மேல ஒரு பூசணிக்காய் தொங்கிச்சு.

நான் தாத்தாகிட்ட கேட்டது ஒரே கேள்வி. எந்த மீன், எப்ப, எந்த வரிசையில் செத்தது?

மீன் சாவில் பாதி மர்மம் இந்தக் கேள்வியிலேயே உடைஞ்சிடும், பாஸ். விஷம்னா பெரிசு சிறிசு பார்க்காது. சில மணி நேரத்துல மொத்தத் தொட்டியும் காலி. ஆக்ஸிஜன் குறைஞ்சா பெரும்பாலும் விடியற்காலையில், முதல்ல பெரிய மீன் போகும். நாள் கணக்குல ஒண்ணொண்ணா போச்சுன்னா, ஒண்ணு தண்ணி கெட்டிருக்கணும், இல்லே நோய்.

தாத்தாவின் கணக்கு இது. முதல் நாள் காலையில் ரெண்டு, இருக்கிறதிலேயே பெரிசு. அஞ்சாவது நாள் மூணு. எட்டாவது நாள் ஒண்ணு.

"முதல் நாள் ராத்திரி கரன்ட் போச்சா தாத்தா?"

பாட்டிதான் பதில் சொன்னாங்க. "ரெண்டு மணி நேரம். விசிறிக் காம்பால விசிறிக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே."

காற்று மோட்டார் நின்னிருக்கு. சுத்தமான தண்ணி 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிச்சு வைக்கும். சென்னை வெயிலில் 30 டிகிரி ஆனா ஏழரைதான். பகல்ல ஆக்ஸிஜன் தருகிற பாசியும் ராத்திரியில் மீனோட சேர்ந்து அதையே இழுக்கும். 2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்ததே, அங்கேயும் சாக்கடை கலந்து ஆக்ஸிஜன் குறைஞ்சதைத்தான் காரணமா சொன்னாங்க. ஏரிக்கே அந்தக் கதின்னா, 1,700 லிட்டர் தொட்டி எம்மாத்திரம்? அதுவும் ரெண்டு அடி வரை வளரக்கூடிய மீன் ஒன்பது!

சரி, ரெண்டு மீனுக்குக் கணக்கு வந்தாச்சு. மிச்சம் நாலு?

இங்கேதான் தாத்தா திரும்பத் திரும்ப ஒரே வாக்குமூலம் கொடுத்தார். "அன்னிக்கே தண்ணி பூரா இறைச்சுட்டு, ப்ளீச்சிங் பவுடர் போட்டு, சுவரைத் தேய்ச்சு, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில வெள்ளை வெளேர்னு அலசினேன். அஞ்சாம் நாள் மறுபடியும் அதே மாதிரி. இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன சுத்தம் பண்றது?"

சுத்தம் சோறு போடும். மீனுக்கு மட்டும் சங்கு ஊதும்.

மீன் செவுள் வழியா அம்மோனியாவை விட்டுக்கிட்டே இருக்கும். அது அதுக்கே விஷம். ஸ்பாஞ்சில் வழவழன்னு அழுக்கு மாதிரி ஒட்டியிருக்கே, அதில் இருக்கிற பாக்டீரியாதான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைஞ்ச நைட்ரேட்டாகவும் மாத்துது. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் செட்டிலாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தாத்தா அதை ஒரே மத்தியானத்தில் அழிச்சிட்டார். ப்ளீச்சிங் பவுடரும் குளோரின்தான், குழாய்த் தண்ணியிலும் குளோரின்தான். குடிக்கிற நமக்குக் காவல், செவுளுக்கு நெருப்பு.

சோதனை கிட் ஒண்ணு வாங்கி, சொட்டு விட்டு, குலுக்கிப் பார்த்தோம். அம்மோனியா 2. பி.எச். எட்டரை. புது சிமென்ட், சுண்ணாம்பு இன்னும் கசியுது. இதுதான் மோசமான கூட்டணி. 30 டிகிரியில் பி.எச். 7-ன்னா, மொத்த அம்மோனியாவில் நூத்துக்கு ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. எட்டரைன்னா அஞ்சில் ஒரு பங்கு. மீன் சாகச் சாகத் தாத்தா சுத்தம் பண்ண, சுத்தம் பண்ணப் பண்ண மீன் செத்திருக்கு.

வைரஸா இருக்கக் கூடாதா? இருக்கலாம். 2003-ல் ஜப்பானின் கசுமிகவுரா ஏரியில் கெண்டைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்னது கோய் ஹெர்ப்பிஸ் வைரஸ். ஆனா அது மிதமான குளிர்த் தண்ணியில்தான் ஆட்டம் போடும், 30 டிகிரியில் அடங்கிடும். வேற நோய்களும் உண்டு. அதனால சந்தேகம்னா, சாகப் போற இல்லே அப்பத்தான் செத்த மீனை ஐஸ் வெச்ச டப்பாவில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்க. மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கு. காலையில் செத்து சாயங்காலம் வரை வெயிலில் மிதந்த மீன் எந்த சாட்சியும் சொல்லாது.

தாத்தாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது ரொம்பச் சின்னது. ரெண்டு நாள் தீனி கட். டிரம்மில் பிடிச்சு ராத்திரி முழுக்கக் காற்று விட்ட தண்ணியில், தினமும் கால்வாசி மட்டும் மாத்தணும். ஸ்பாஞ்சை அலசினா தொட்டித் தண்ணியிலேயே அலசணும், வெள்ளையா வரவே கூடாது. காற்று மோட்டாரை இன்வெர்ட்டரில் போடணும். பாட்டியோட பூசணிக்காய் இருக்கட்டும், அது தொந்தரவில்லை.

அஞ்சு வாரம் கழிச்சு அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்தது. மூணு மீனும் இருக்கு.

அந்தப் பையன்கிட்ட தாத்தா மன்னிப்பு கேட்டாரான்னு கேட்கறீங்க. இல்லை. அந்தத் தலைமுறைக்கு அந்த வார்த்தை வாயில் வராது. அவன் அம்மா இன்னும் பாட்டியோட பேசறதில்லை. ஆனா சோதனைக் குழாயில் மஞ்சளா, இளம்பச்சையான்னு தாத்தா கண்ணுக்குத் தெரியலை. சாயங்காலம் காம்பவுண்டுக்கு மேலே குழாயைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "தம்பி, இது என்ன கலர்னு பாரு"ன்னு கூப்பிடறார். சில நாள் வரான். சில நாள் ஹெட்போனை மாட்டிக்கிட்டு, காதில் விழாத மாதிரி போயிடறான்.