பூட்டு கூடவே வராது



நம் காரைக்காலில் பாகப்பிரிவினை என்றால் முதலில் வரும் கேள்வி, "இந்த வீட்டுக்கு எந்தச் சட்டம்?" என்பதுதான். 1881 பிரெஞ்சு ஆணைப்படி வழக்கச் சட்டத்தைத் துறந்தவர்களின் வாரிசுகளுக்குப் பிரெஞ்சு சிவில் சட்டம்; பக்கத்து வீட்டுக்கு வேறு. தெரு ஒன்று, வாரிசு முறை இரண்டு. கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் என்று நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வேலையில் இருந்தபோது, கட்டண உதவி பெறும் பிள்ளைகளின் பட்டியலை நான் மட்டும் திறக்கும்படி ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தேன். அவசரமாகப் பிரிண்ட் எடுக்க, அதன் நகலைப் பொது ஃபோல்டரில் போட்டேன். பூட்டும் கூடவே வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். ஒரு பெண் மூன்று நாள் பள்ளிக்கே வரவில்லை. தவறு என்னுடையது.

விண்டோஸில் காப்பி செய்த ஃபைல், போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதியை வாங்கிக்கொள்ளும். அதே டிரைவுக்குள் கட் செய்து ஒட்டினால் பெரும்பாலும் பழைய அனுமதியே நிற்கும். வேறு டிரைவுக்கு நகர்த்தினால் மறுபடி புது வீட்டுச் சட்டம்.

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் உட்பட எந்த லினக்ஸிலும் வழக்கம் வேறு. புது ஃபைல் சாதாரணமாகத் தாய் ஃபோல்டரின் அனுமதியை வாங்காது. உருவாக்கியவரே உரிமையாளர், மற்றவர்களுக்கு எதைக் குறைப்பது என்று 'யுமாஸ்க்' முடிவு செய்யும். அது 022 என்றால் ஃபைல் 644 ஆகும்: எழுதுவது உரிமையாளர் மட்டும், படிப்பது யாரும். ஃபோல்டருக்கு 700 வைத்தால் தெருக்கதவைச் சாத்திய மாதிரி. ஆனால் உள்ளே இருந்த ஃபைலை வெளியே நகர்த்தினால் அதே 644தான். கதவு அதோடு வராது.

எஃப்ஏடி32 முறையில் அமைந்த பென் டிரைவில் இந்த அனுமதிகளுக்கு இடமே இல்லை. எந்தப் பூட்டும் அதில் ஏறியதும் போய்விடும்.

உங்களில் பலர் பள்ளி, வங்கி, மருத்துவமனை அலுவலகங்களில் இருக்கிறீர்கள். "திறக்கவில்லை" என்று ஒருவர் சொன்னதும் 777 போடுவதும், 'எவ்ரிஒன்' பெயருக்கு முழு அனுமதி கொடுப்பதும் சோம்பேறித்தனம் என்பேன். யாருக்குத் தேவையோ அவர் பெயரை மட்டும் சேருங்கள். நகல் எடுத்த பிறகு, இன்னொருவர் லாகினில் அது திறக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ஃபைல் உங்களுடையதாக இருக்கலாம். உள்ளே இருக்கும் மானம் இன்னொருவருடையது.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர், தலத்தெரு