எழுதக் கற்பிக்கும் நாற்காலி யாருக்கு?

பெங்களூருவின் தெற்கு எல்லையில், ஓசூரை ஒட்டிக் கிடக்கிறது ஆனேக்கல் வட்டம். அதன் ஒருபுறம் பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே தொழிற்பேட்டைகள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் பேசும் தொழிலாளர்கள் அங்கே ஒரே பணிமுறையில் தோளோடு தோள் நின்று உழைக்கிறார்கள். மறுபுறம், சர்ஜாபுரா பகுதியில் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும், சந்தாபுரா–ஆனேக்கல் சாலையில் அலையன்ஸ் பல்கலைக்கழகமும் நிற்கின்றன. இரண்டும் 2010இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டங்களின்படி உருவான தனியார் பல்கலைக்கழகங்கள்.

இந்த இரண்டு உலகங்களுக்கும் இடையிலான தொலைவு சில கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் உண்மையான தொலைவு தெரியும். ஜிகணியில் கல் மெருகூட்டும் பட்டறையில் வேலை செய்யும் தொழிலாளியின் மகள் கதை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நாளை அவள் ஒரு பல்கலைக்கழகத்தில் மற்றவர்களுக்கு எழுதக் கற்பிக்கும் பேராசிரியராக முடியுமா? முடியும் என்றால் எந்த வழியில்?

கதை, கவிதை எழுதுவதைப் பாடமாகக் கற்பிக்கும் ‘படைப்பெழுத்து’ இன்று உயர்கல்வியில் பேசப்படும் துறையாகிவிட்டது. யார் எழுத வேண்டும், எது இலக்கியம் என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்லும் அதிகாரம் அந்த நாற்காலியில் இருக்கிறது. ஆகவே, அதற்குச் செல்லும் பாதை எப்படி அமைந்திருக்கிறது என்பது உழைக்கும் மக்களின் பண்பாட்டு உரிமை சார்ந்த கேள்வியாகும்.

பட்டத்தின் வாசல்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, கலைப் பாடங்களில் உதவிப் பேராசிரியராக முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. அதன்மேல் ‘நெட்’ அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். இல்லையேல் உரிய நெறிப்படி பெற்ற முனைவர் பட்டம் வேண்டும். நெட் தேர்வுப் பாடப் பட்டியலில் தமிழ், கன்னடம், ஆங்கிலம், ஒப்பிலக்கியம் ஆகியவை உள்ளன. படைப்பெழுத்து என்ற தனிப் பாடம் இல்லை. ஆகவே, எழுத்தாளர் முதலில் இலக்கிய ஆசிரியராக நுழைந்தாக வேண்டும். எத்தனை நூல்கள் எழுதியிருந்தாலும், அவை மட்டும் அவரை அந்த வாசலுக்குள் கொண்டு சேர்ப்பதில்லை.

முதுகலை, நெட், முனைவர் பட்டம் என்று எட்டுப் பத்து ஆண்டுகள் செல்லும். அந்த ஆண்டுகளில் வீட்டுக்கு யார் சோறு போடுவது? இங்குதான் ஆய்வு உதவித்தொகையும் அரசு விடுதியும் முக்கியத்துவம் பெறுகின்றன. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை 2022–23ஆம் ஆண்டு முதல் நிறுத்திய ஒன்றிய அரசுக்கு இந்தக் கேள்வி காதில் விழவில்லை.

பட்டம் பெற்ற பிறகும் காத்திருப்பது பெரும்பாலும் நிரந்தரப் பணி அல்ல. கௌரவ விரிவுரையாளர் பணிதான். கர்நாடக அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள் 2021 டிசம்பரில் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினார்கள். அதன் பின்னரே, 2022 ஜனவரியில், தகுதி பெற்றவர்களின் மாத ஊதியம் 13 ஆயிரத்திலிருந்து, ஐந்தாண்டு அனுபவம் உள்ளோருக்கு 32 ஆயிரமாக உயர்ந்தது. கூடவே வேலை நேரமும் கூட்டப்பட்டது. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமோ 57,700 ரூபாய். 2023 இறுதியில் பணி நிரந்தரம் கோரி அவர்கள் மீண்டும் வீதிக்கு வந்தார்கள். குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளின் ஒப்பந்த ஆசிரியர்கள் 30 ஆயிரம் ரூபாய்க்கு வேலை செய்த வழக்கில், நிரந்தர ஆசிரியருக்குரிய குறைந்தபட்ச ஊதியத்தை வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கோரிக்கை எவ்வளவு நியாயமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இருவர் சென்ற பாதை

இந்த வாசலை உழைக்கும் மக்களின் பிள்ளைகள் கடந்ததே இல்லையா? கடந்திருக்கிறார்கள். பெங்களூரு அருகே மாகடி வட்டத்தில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பத்தில் 1954இல் பிறந்தவர் கவிஞர் சித்தலிங்கையா. அரசு மாணவர் விடுதியில் தங்கிப் படித்தார். தலித் சங்கர்ஷ சமிதியை உருவாக்கியவர்களுள் ஒருவரானார். அவருடைய கவிதைகள் ஊர்வலங்களில் பாடல்களாக ஒலித்தன. கிராம தெய்வங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று, பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் கன்னடப் பேராசிரியரானார். விடுதி, உதவித்தொகை, பொதுப் பல்கலைக்கழகம், அவருக்குப் பின்னால் ஓர் இயக்கம் ஆகிய நான்கும் சேர்ந்தபோதுதான் அந்தப் பாதை திறந்தது.

இரண்டாவது சான்று கரிசல் மண்ணின் கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். இடைசெவலில் ஏர் பிடித்த விவசாயி. கம்யூனிஸ்ட் இயக்கத்தில் நின்று, விவசாயிகள் போராட்டங்களில் பங்கேற்றுச் சிறை சென்றவர். மக்களிடம் வழங்கிய கதைகளையும் சொற்களையும் தேடித் தொகுத்த அந்த உழைப்பை மதித்து, புதுவைப் பல்கலைக்கழகம் 1980களின் இறுதியில் அவரைச் சிறப்புநிலைப் பேராசிரியராக அழைத்தது. பட்டம் இல்லாதவர் பல்கலைக்கழகத்தில் அமர்ந்ததால் தரம் தாழ்ந்துவிடவில்லை. நாட்டார் கதைகள் கல்விப்புலத்தின் செல்வமாயின. ஆனால் அது ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கு ஏன் விதியாகவில்லை என்பதே நம் கேள்வி.

புதிய வாசலின் சூழ்ச்சி

பட்டம் இல்லாதோரும் பேராசிரியராகலாம் என்று மானியக் குழு 2022இல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. இலக்கியமும் அதன் துறைப் பட்டியலில் உண்டு. கி.ரா. போன்றோருக்குக் கதவு திறந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் விதிகளைப் படிக்க வேண்டும். பதினைந்து ஆண்டு அனுபவம் வேண்டும். உயர் பதவி வகித்தவர்களுக்கு முன்னுரிமை. ஆசிரியப் பணியில் இருப்போருக்கும் ஓய்வு பெற்றோருக்கும் இடமில்லை. பணிக்காலம் அதிகபட்சம் நான்கு ஆண்டுகள். தொழில் நிறுவனங்களின் நிதியில் அமர்த்தப்படுவோர் இதில் ஒரு தனிப் பிரிவு. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு வெளியே நிற்கும் இந்த நியமனங்களில் இட ஒதுக்கீட்டுக்கு உத்தரவாதம் இல்லை. கதவு திறந்தது மேலாளருக்கு. மேழி பிடித்தவருக்கு அல்ல.

இதோடு இணைத்துப் பார்க்க வேண்டியது 2025 ஜனவரியில் வெளியான வரைவு விதிகளை. ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தப் பணியிடங்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2018 விதிகளில் இருந்த வரம்பை நீக்க அந்த வரைவு முன்மொழிந்தது. தொழில்துறையினர் துணைவேந்தராகவும் வழி வகுத்தது. ஒருபுறம் நிரந்தரப் பணியைக் கரைப்பது, மறுபுறம் முதலாளித்துவ நிறுவனங்களின் ஆட்களை உள்ளே அழைப்பது: இரண்டும் ஒரே கொள்கையின் இரு கைகள்.

யார் பணம் கொடுக்கிறார் என்பது எழுத்தைப் பாதிக்காது என்று கருதுவோர் அமெரிக்காவைப் பார்க்கட்டும். 1936இல் தொடங்கிய அயோவா பல்கலைக்கழகப் படைப்பெழுத்துப் பட்டறையே உலகெங்கும் இத்துறைக்கு முன்மாதிரி. பனிப்போர்க் காலத்தில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் நிதி அதற்குச் சென்றது. அங்கே 1967இல் தொடங்கிய பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்கு, சிஐஏவின் முகமூடி அமைப்பான ஃபார்ஃபீல்டு அறக்கட்டளையும் பணம் அளித்தது. அங்கு பயின்றோர் எல்லோரும் விலைபோனார்கள் என்பதல்ல இதன் பொருள். சமூகத்தை விட்டுத் தனிமனித மனத்துக்குள் மட்டும் சுழலும் எழுத்தே உயர்ந்தது என்ற ரசனை வளர, அந்தச் சூழல் உரமிட்டது என்பதே பொருள்.

நாம் கோர வேண்டியது

தகுதி விதிகளையே தூக்கி எறிய வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். அது ஆபத்தானது. எழுத்துப்பூர்வமான தகுதியும் இட ஒதுக்கீட்டுச் சுழற்சியும் இருப்பதால்தான் முதல் தலைமுறைப் பட்டதாரி, சிபாரிசு இல்லாமலும் நேர்காணல் அறைக்குள் நுழைய முடிகிறது. விதியைத் தளர்த்தி வேண்டியவர்களை அமர்த்துவது மேல்தட்டுக்கே பயன்படும்.

நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். காலியிடங்களை இட ஒதுக்கீட்டுடன் நிரந்தரமாக நிரப்ப வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களின் பணியை வரன்முறைப்படுத்த வேண்டும். ஆய்வு உதவித்தொகைகளை மீட்டெடுத்து விரிவாக்க வேண்டும். தாய்மொழிகளில் எழுத்துக் கல்விக்குப் பொதுப் பல்கலைக்கழகங்களில் இருக்கைகள் வேண்டும். அவற்றில் ஒரு பங்கு, பட்டம் இல்லாத தொழிலாளி, விவசாயி, தலித், பழங்குடி எழுத்தாளர்களுக்கு வெளிப்படையான தேர்வு முறையில், பேராசிரியருக்குரிய முழு ஊதியத்துடன் வழங்கப்பட வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடை நடத்திய மேலாண்மை பொன்னுச்சாமி, 2007இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். 1975இல் பிறந்த தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கூட்டங்களும் வாசிப்பு வட்டங்களுமே இத்தகைய பலருக்குப் பல்கலைக்கழகம். ஜிகணியிலும் பொம்மசந்திராவிலும் தொழிற்சங்க அலுவலகங்கள் ஞாயிறு மாலைகளில் அத்தகைய வகுப்பறைகளாகட்டும். தமிழில் எழுதுபவரும் கன்னடத்தில் எழுதுபவரும் அங்கே ஒருவர் எழுத்தை மற்றவருக்கு வாசித்துக் காட்டட்டும். அங்கே எழுதப் பழகும் கைகள்தாம் நாளை பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டப் போகின்றன. அந்தக் கதவு திறக்கும்படி செய்வது இன்று நம் போராட்டத்தின் கடமை.